கதவுத் துளையில் விழும் அரசியல்

(லண்டன் வட்டார நூலகம் ஒன்றில் தமிழ் மக்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போவது ஒரு தாளைப் பற்றி. இரண்டு பக்கமும் அச்சடித்து நடுவில் மடித்த தாள். வீதியில் இருக்கும் குழியைச் சுட்டிக்காட்டியபடி ஒருவர் நிற்கும் படம் அதில் இருக்கும். மேலே வட்டாரத்தின் பெயரும் 'செய்தி' என்ற சொல்லும் இருக்கும். பீட்சாக் கடை விளம்பரத்தோடும் வீட்டுத் தரகரின் அட்டையோடும் சேர்ந்து அது நம் கதவுத் துளையால் வந்து விழும். குனிந்து எடுத்த கையோடு மூன்றையும் மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிடுகிறோம். "எலெக்ஷன் வருகுது போல" என்று ஒரு வார்த்தை சொல்வோம். அத்தோடு சரி.

அந்தத் தொட்டியை வாரம் ஒருமுறை எடுப்பதா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுப்பதா என்று முடிவு செய்யும் சபையில் அமர்ந்திருப்பவர்தான் அந்தப் படத்தில் நிற்பவர். இந்த நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும், வாசலில் கார் நிறுத்த எவ்வளவு கட்ட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கம் இழுத்துக் கட்ட அனுமதி உண்டா, படுக்கையில் இருக்கும் அம்மாவைக் குளிப்பாட்ட வீட்டுக்கு ஆள் வருமா என்பதெல்லாம் கவுன்சிலின் கையில் இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினரின் பெயர் நம்மில் அநேகருக்குத் தெரியும். நம் வட்டாரத்துக் கவுன்சிலர்களின் பெயரைக் கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடுகிறது. நீங்கள் சிரிப்பதிலிருந்தே விளங்குகிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது முன்பக்கப் படம் அன்று. பின்பக்கத்தின் அடியில், 'உங்கள் குறையை எழுதி அனுப்புங்கள்' என்று விட்டிருக்கும் வெற்றுக் கட்டத்தைப் பாருங்கள். அந்தக் கட்டத்தை மக்கள் நிரப்பி, அதற்கான பதில் அடுத்த தாளில் வந்தால் அது செய்தி. இல்லாவிட்டால் பீட்சாக் கடைத் தாளுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

இந்தத் தாளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1970 பொதுத் தேர்தலில் லிபரல் கட்சிக்குக் கிடைத்தவை ஆறே ஆறு இடங்கள். அந்த ஆண்டு ஈஸ்ட்போர்ன் நகரில் கூடிய கட்சி மாநாட்டில் இளம் லிபரல்கள் ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற வைத்தார்கள். நாடாளுமன்றத்துக்குள் வேலை செய்வதோடு நிற்காமல், மக்கள் தத்தம் வாழிடங்களில் தாங்களே அதிகாரத்தைக் கையில் எடுத்துப் பயன்படுத்த உதவ வேண்டும் என்பது அதன் சாரம். 'சமூக அரசியல்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

தீர்மானத்துக்கு முன்பே சில இடங்களில் வேலை நடந்துகொண்டிருந்தது. பர்மிங்காமில் வாலஸ் லாலர் அதைச் செய்தார். லிவர்பூலின் சேர்ச் வட்டாரத்தில் சிரில் கார் 1962இல் கவுன்சிலரானார். அதே நகரில் 1968இல் கவுன்சிலரான ட்ரெவர் ஜோன்ஸ் என்ற வணிகர் அந்த வேலைக்கு ஒரு முறையை வகுத்தார். வீதிவீதியாக நடப்பது, குறை கேட்பது, அதைக் கவுன்சிலுக்கு எழுதுவது, என்ன பதில் வந்தது என்பதை ஒரு தாளில் அச்சடித்து அதே வீதியில் வீடுவீடாகப் போடுவது. தாளின் பெயர் 'ஃபோக்கஸ்'. தேர்தல் காலத்தில் மட்டும் என்றில்லாமல் ஆண்டு முழுவதும் அது வந்துகொண்டிருந்தது. 'வாக்கு ஜோன்ஸ்' என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தன. 1973இல் லிவர்பூல் நகர சபையில் லிபரல்களே மிகப் பெரிய கட்சியானார்கள்.

இடையில் 1972 டிசம்பர் 7ஆம் தேதி லண்டனின் தென்கோடியில் சட்டன் அண்ட் சீம் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. இன்று நம்மவர் நிறையப் பேர் குடியிருக்கும் பக்கம். கன்சர்வேட்டிவ் கட்சியின் கோட்டை. ஜோன்ஸ் லிவர்பூல் முறையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார். லிபரல் வேட்பாளர் கிரஹம் டோப் 7,417 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1974 பெப்ரவரியில் அந்த இடத்தை இழந்தார். ஆனாலும் ஊரை விட்டுப் போகவில்லை. 1986இல் அதே சட்டன் கவுன்சிலின் தலைவரானார். நாடாளுமன்றம் கைவிட்டுப் போனபோதும் வட்டாரம் கைவிடவில்லை. இதைப் பார்த்த மற்றக் கட்சிகளும் முறையைக் கற்றுக்கொண்டன. இன்று சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று எந்த நிறத்துத் தாள் வந்தாலும் அதன் அமைப்பு லிவர்பூலில் வகுத்ததுதான்.

அந்த முறை ஏன் வேலை செய்தது? குழியும் தெருவிளக்கும் அரசியலா என்று படித்தவர்கள் அன்று கேலி பேசினார்கள். இன்றும் பேசுகிறார்கள். நான் அந்தக் கேலியில் சேரமாட்டேன். 'நாட்டின் பொருளாதாரத்தை நிமிர்த்தினோம்' என்று ஒரு கட்சி சொன்னால் நீங்கள் எங்கே போய்ச் சரிபார்ப்பீர்கள்? 'இந்த வீதி முனையில் விளக்குப் போட்டோம்' என்று சொன்னால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்துபோய்ப் பார்த்துவிடலாம். பொய் சொன்னவர் அடுத்த நாளே பிடிபடுவார். சின்ன வாக்குறுதியில் இருக்கும் ஒழுக்கம் அது.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தாளோடு முறைப்பாட்டுச் சீட்டும் போனது. குடியிருப்பாளர் எழுதுவார். கவுன்சிலர் அதை அதிகாரிக்கு அனுப்புவார், பதில் வராவிட்டால் சபையில் கேள்வி எழுப்புவார், வீதியில் கையெழுத்து வாங்குவார். எழுதியவரின் வீட்டுக்குப் பதில் போகும். ஊருக்கெல்லாம் அடுத்த தாளில் செய்தி போகும். அந்த வட்டம் ஒருமுறை சுற்றி முடிந்தால் எழுதியவர் அடுத்த தடவை தயங்கமாட்டார்.

இனி அதன் இருண்ட பக்கத்துக்கு வருகிறேன். சில ஏமாற்றுகள் சிறியவை. 'இங்கே இவர்களால் வெல்ல முடியாது' என்று ஒரு பட்டை வரைபடம் போடுவார்கள். 30 வீதத்துக்கும் 25 வீதத்துக்கும் இடையில் பட்டைகள் மலையும் மடுவுமாக நிற்கும். அடிக்கோல் வைத்து அளந்து பார்த்தால் சிரிப்பு வரும். வேறு தொகுதியின் முடிவைக் கொண்டுவந்து நம் வட்டாரத்தின் முடிவு போலக் காட்டுவதும் உண்டு. நாளிதழ் போலவே தோற்றம் கொடுத்துக் கட்சியின் பெயரைப் பொடி எழுத்தில் ஒளிப்பதும் உண்டு. எல்லாக் கட்சிகளும் ஏதோ ஓர் ஊரில் இதைச் செய்திருக்கின்றன.

பெரிய தவறு நடந்த இடம் கிழக்கு லண்டன். 1986 முதல் 1994 வரை டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில் லிபரல்களின் கையில் இருந்தது. அதிகாரத்தை மக்களுக்கு அருகில் கொண்டுபோகிறோம் என்று அவர்கள் 'பரோ' எனப்படும் அந்தக் கவுன்சில் பகுதியை ஏழு அயலகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குழு அமைத்தார்கள். கேட்க நல்ல யோசனை. ஆனால் அங்கே வீட்டுப் பஞ்சம் இருந்தது. பங்களாதேஷிலிருந்து வந்த குடும்பங்கள் நெருக்கமான வீடுகளில் தவித்தன. நெடுங்காலமாக இருந்த வெள்ளையர் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்கவில்லை என்று குமுறின. 'உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை' என்று லிபரல்களின் தாள்கள் எழுதத் தொடங்கின. உள்ளூர் மக்கள் என்றால் யார்? தாளில் அது சொல்லப்படவில்லை. வாசித்தவர்களுக்கு விளங்கியது.

1993 செப்டம்பர் 16ஆம் தேதி அந்தப் பரோவின் மில்வோல் வட்டாரத்தில் இடைத்தேர்தல் நடந்தது. பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் டெரெக் பீக்கன் லேபர் வேட்பாளரை ஏழே ஏழு வாக்குகளால் தோற்கடித்தார். அந்தக் கட்சிக்கு நாட்டில் கிடைத்த முதல் கவுன்சிலர் இடம் அதுதான். நாடே அதிர்ந்தது. லிபரல்களின் வழிவந்த லிபரல் டெமோக்ரட் கட்சி தன் சொந்தத் தாள்களைப் பற்றி விசாரிக்க லெஸ்டர் பிரபுவின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. தாள்கள் சில இனவெறுப்புக்குத் தீனி போட்டன என்று அந்த அறிக்கை சொன்னது. மறு ஆண்டு மே மாதத் தேர்தலில் வாக்களிக்க வந்தவர் தொகை வெகுவாகக் கூடியது. பீக்கனுக்கு முன்னையதை விடக் கூடுதல் வாக்குகள் கிடைத்தும் அவர் தோற்றார். வீட்டுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்ததால் நடந்தது அது.

மக்கள் சொல்வதைக் கேட்டு அப்படியே அச்சடிப்பது மட்டும் நல்ல அரசியல் ஆகாது என்று மில்வோல் காட்டுகிறது. வீதியில் யார் உரத்துப் பேசுகிறார்களோ அவர்களின் குரலே தாளில் ஏறும். மொழி தெரியாதவர், இரவு வேலைக்குப் போகிறவர், புதிதாக வந்து பயந்திருப்பவர் எழுதமாட்டார்கள். எழுதாதவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நாம் ஏன் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

தாளில் வராத செய்தியும் உண்டு. நம்மவர் பலர் வாழும் குரொய்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பரில் அந்தக் கவுன்சில் 'பிரிவு 114' அறிவித்தலை வெளியிட்டது. வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை, சட்டப்படி கட்டாயமானவை தவிர புதிய செலவு எதுவும் செய்யக்கூடாது என்பது அதன் பொருள். அதற்கு முந்திய மாதம் கணக்காய்வாளர்கள் பொதுநல அறிக்கை ஒன்றை வெளியிட்டிருந்தார்கள். கவுன்சில் தனக்குச் சொந்தமான பிரிக் பை பிரிக் என்ற வீடு கட்டும் கம்பெனிக்கு ஏறத்தாழ 20 கோடி பவுண் கடன் கொடுத்திருந்தது. 2023 ஏப்ரலில் குரொய்டன் மக்களின் கவுன்சில் வரி 15 வீதம் கூடியது. குழி, விளக்கு, குப்பை பற்றிய தாள்கள் அந்த ஆண்டுகளிலும் கதவுத் துளைகளால் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும். கோயில் திருவிழாவில் எத்தனை பேருக்கு அன்னதானம் என்று அறிவித்துவிட்டு, கட்டடக் கடன் எவ்வளவு என்று சொல்லாமல் விட்டால் நாம் நிர்வாக சபையைச் சும்மா விடுவோமா? கவுன்சிலிடமும் அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

உரிமை என்று சொன்னதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கவுன்சிலர் அல்லது கட்சி அச்சடிக்கும் தாள் ஒன்று, கவுன்சிலே அச்சடிக்கும் இதழ் இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கட்சித் தாள் கட்சிப் பணத்தில் வர வேண்டும். தேர்தல் சம்பந்தப்பட்ட தாளாக இருந்தால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். கவுன்சில் இதழ் நம் வரிப்பணத்தில் வருவது. ஒரு கட்சிக்கு ஆதரவு தேடும் பிரசுரத்தைக் கவுன்சில் வெளியிடுவதை 1986ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் தடை செய்கிறது. 2011இல் வந்த நெறிமுறை, கவுன்சில் இதழ் ஆண்டுக்கு நான்கு தடவைக்கு மேல் வரக் கூடாது என்றது. கிரெனிச்சிலும் டவர் ஹாம்லெட்ஸிலும் வாராந்தம் வந்த கவுன்சில் பத்திரிகைகள் நின்றுபோனதன் பின்னணி அதுதான். உள்ளூர்ப் பத்திரிகைகளின் விளம்பர வருமானத்தை அவை பறிக்கின்றன, ஆட்சியில் இருப்பவர்களின் புகழைப் பாடுகின்றன என்பவை அவற்றின் மீதிருந்த குற்றச்சாட்டுகள்.

கவுன்சில் பத்திரிகை போனதால் உள்ளூர்ப் பத்திரிகை தழைத்துவிட்டதா என்றால், இல்லை. கவுன்சில் கூட்டங்களில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நிருபர்கள் ஒவ்வொருவராகக் காணாமற் போனார்கள். அந்த இடைவெளியை நிரப்ப பிபிசி தன் உரிமக் கட்டணத்திலிருந்து பணம் கொடுத்து, உள்ளூர்ச் சபைகளைப் பற்றி எழுதவென்றே நிருபர்களை அமர்த்தும் திட்டத்தைத் தொடங்க வேண்டி வந்தது. நிருபர் இல்லாத வட்டாரத்தில் கவுன்சிலரைப் பற்றி மக்களுக்குத் தெரிவது அவரே எழுதித் தரும் தாள் மட்டும்தான். தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவனுக்கு யார் குறைத்து மதிப்பெண் போடுவார்?

எதிர்த் திசையிலிருந்து வந்த செய்தி ஒன்றையும் நாம் மறக்கக் கூடாது. கென்சிங்டனில் கிரென்ஃபெல் டவரில் இருந்தவர்கள் ஒரு குடியிருப்பாளர் குழுவாகச் சேர்ந்து, கட்டடத்தின் தீ அபாயத்தைப் பற்றிப் பல தடவை எழுதினார்கள். 2016 நவம்பரில், பெரிய உயிர்ச்சேதம் ஒன்று நடந்தால்தான் நிர்வாகத்தின் கண் திறக்குமோ என்ற பொருளில் பகிரங்கமாக எச்சரித்தார்கள். 2017 ஜூன் 14ஆம் தேதி அதிகாலை அந்தக் கட்டடம் எரிந்தது. 72 பேர் மாண்டார்கள். மேலிருந்து கீழே வரும் தாள்களுக்கு லண்டனில் பஞ்சம் இல்லை. கீழிருந்து மேலே போகும் எழுத்தைப் படித்துப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லாமற் போனது. ஒரு கவுன்சிலர் எத்தனை தாள் போட்டார் என்று கணக்கெடுக்காதீர்கள். அவருக்கு வந்த எழுத்துக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

சரி, நமக்கு இதில் என்ன பங்கு? "எனக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை, ஓட்டுக் கிடையாது" என்று சொல்லும் அண்ணன்மார் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகள். இங்கே தங்கும் அனுமதியோடு வாழும் இலங்கை, இந்தியக் குடிமக்கள் வாக்காளராகப் பதிந்து வாக்களிக்கலாம். உள்ளூராட்சித் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும்தான். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்துக் கடவுச்சீட்டோடு வந்தவர்களுக்குக் கதை வேறு. 2020 முடிவதற்கு முன்பிருந்தே இங்கே சட்டப்படி வாழ்ந்து வருபவர்களுக்கு உள்ளூராட்சி வாக்கு தொடர்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு, அந்தந்த நாட்டோடு ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே உண்டு. நோர்வே, சுவிஸ் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இல்லை. 2023 மே முதல் இங்கிலாந்தில் வாக்குச் சாவடிக்குப் படம் உள்ள அடையாளம் கொண்டுபோக வேண்டும். பொதுநலவாய நாட்டுக் கடவுச்சீட்டையும் ஏற்றுக்கொள்வார்கள்.

லண்டனில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கவுன்சில் தேர்தல் வருகிறது. மூன்று கவுன்சிலர் உள்ள வட்டாரமானால் உங்களுக்கு மூன்று வாக்குகள். பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயரைக் கண்டால் அதற்கு ஒன்றைப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் வீணாக்குகிறவர்கள் உண்டு. நம்மவர் நிற்பதும் வெல்வதும் மகிழ்ச்சிதான். ஆனால் தமிழ்க் கவுன்சிலர் பொங்கல் விழாவில் பொன்னாடை வாங்கிக்கொண்டு படம் எடுத்துப் போடுவதைச் செய்தி என்று நாம் ஏற்றுக்கொண்டால், குழியைச் சுட்டிக்காட்டும் வெள்ளைக்காரரை விடவும் மலிவாக அவரை விட்டுவிடுகிறோம். தைப்பொங்கல் வாழ்த்துத் தமிழில் வருகிறது. வீட்டு வாடகைத் திட்டம் மாறும் அறிவித்தல் தமிழில் வருகிறதா? அதைக் கேளுங்கள்.

அடுத்த தடவை தாள் விழும்போது என்ன செய்யலாம்? முதலில் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படித்து, யார் பணத்தில் வந்தது என்று பாருங்கள். 'செய்தோம்' என்று சொல்வது கவுன்சிலரால் ஆகிற காரியமா என்று பாருங்கள். லண்டனின் பெரிய பிரதான வீதிகள் பல கவுன்சிலின் பொறுப்பில் இல்லை, டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனின் பொறுப்பில் உள்ளன. மருத்துவமனையும் கவுன்சிலுடையது அன்று. 'போராடுகிறோம்' என்ற சொல் வந்தால், எந்தக் கூட்டத்தில் பேசினார், எப்படி வாக்களித்தார் என்று கேளுங்கள். 'முடியவில்லை' என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். கேட்ட எல்லாவற்றையும் செய்து முடித்த கவுன்சிலர் உலகத்தில் இல்லை. தன் தோல்வியையும் அச்சடிப்பவரின் வெற்றியை நான் நம்புவேன்.

பிறகு எழுதுங்கள். ஆங்கிலம் பிழையாக வருமே என்று தயங்க வேண்டாம். வீதியின் பெயர், வீட்டு இலக்கம், தேதி, ஒரு படம் இருந்தால் போதும். பல கவுன்சிலர்கள் 'சர்ஜரி' என்ற பெயரில் மக்களைச் சந்திக்க நேரம் ஒதுக்குகிறார்கள். அங்கே போங்கள். பிள்ளையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்கும் அது பாடம். பொதுமக்கள் கவுன்சில் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். 2014 முதல் படம் பிடிக்கவும் உரிமை உண்டு. நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்கு ஐந்து முழு நாள் முன்னதாகவே பகிரங்கமாகிவிடும். 500 பவுணுக்கு மேற்பட்ட செலவுகளைக் கவுன்சில் வெளியிட வேண்டும். ஆண்டுதோறும் 30 வேலை நாட்களுக்குக் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட நமக்குச் சட்டம் இடம் தருகிறது. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டால் 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நம்மிடையே கணக்காளர்களுக்குக் குறைவில்லை. வீதிக்கு ஒருவரை நான் காட்டுவேன். அவர்களில் நாலு பேர் ஆண்டுக்கு ஒரு மாலையை இதற்கு ஒதுக்கினால் போதும்.

இன்னொரு வேண்டுகோள். நாமும் ஒரு தாள் போடலாம். கட்சித் தாளாக அது இருக்கக் கூடாது. வீதியில் உள்ள நாற்பது வீட்டுக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே ஒரு பக்கம் போதும். கவுன்சிலுக்கு என்ன எழுதினோம், என்ன தேதி, என்ன பதில், பதில் இல்லையென்றால் 'பதில் இல்லை' என்று மட்டும் போட்டால் போதும். அதைப் பக்கத்து வீட்டுப் போலந்துக்காரருக்கும் சோமாலியக் குடும்பத்துக்கும் தனியாக இருக்கும் வெள்ளைக்காரப் பாட்டிக்கும் கொடுங்கள். மில்வோலில் நடந்தது, ஒரு வீதியில் இருந்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் மூன்றாம் ஆளின் தாளில் படித்ததால் நடந்தது. நேரில் கதைத்திருந்தால் அந்த ஏழு வாக்குகள் வேறு பக்கம் போயிருக்கலாம்.

கவுன்சிலர்மார் யாரும் இங்கே இருந்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. வாக்குக் கேட்டு எங்கள் கதவைத் தட்டும்போது உங்கள் படத்தைக் கொண்டுவராதீர்கள், முகம் எங்களுக்குத் தெரியும். போன நான்கு ஆண்டில் இந்த வீதியிலிருந்து உங்களுக்கு வந்த கடிதங்களின் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கொடுத்த பதிலையும் கொண்டுவாருங்கள். அப்படி ஒரு பட்டியல் இருக்க வேண்டுமானால் நாங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடன் எங்களுடையது. இந்த வாரமே அதை அடைக்கத் தொடங்குவோம்.